எமிஸில் மாணவனின் குறைபாட்டு விவரம் காட்டவில்லை, அவசர உதவி தேவை

பெரம்பூர்_டீச்சர்
அவசரம். என் வகுப்புப் பையனுக்குப் பார்வைக் குறைபாடு. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் 'இல்லை' என்று காட்டுகிறது. முன்பு படித்த பள்ளியில் இருந்ததாம். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும். எங்கே போய் மாற்றுவது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சூளைமேடு_கணினி
உங்கள் பிரவுசரில் பழைய பக்கம் தங்கியிருக்கும். சேமித்ததையெல்லாம் அழித்துவிட்டு, வேறு கணினியில் திறந்து பாருங்கள். கைப்பேசியில் பார்க்காதீர்கள். பத்தில் எட்டு பிரச்சினை இப்படித்தான் தீரும்.

மணலி_வாத்தியார்
டீச்சர், எந்த வகுப்பு? உங்கள் லாகினா, தலைமையாசிரியர் லாகினா? பையனிடம் யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறதா? இருந்தால் என்ன நிறம்? குறைபாட்டின் சதவீதத்துக்கு ஏற்ப நிறம் மாறும். இது எதுவுமே சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

அனுபவம்30
ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி. இந்தக் குழுவிலேயே தேடினால் பதில் கிடைக்கும். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கும்போதே விவரத்தைச் சரிபார்க்க வேண்டும். பட்டியல் அனுப்பும் நாளில் ஓடி வந்தால் யார் என்ன செய்ய முடியும்? முதலில் சொந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

பெரம்பூர்_டீச்சர்
பத்தாம் வகுப்பு. உதவி பெறும் பள்ளி. இரண்டு லாகினிலும் பார்த்தாயிற்று, ஒரே மாதிரிதான். அட்டை இருக்கிறது என்று அம்மா போனில் சொன்னார்.

மணலி_வாத்தியார்
நிறம்?

திருவொற்றியூர்_தமிழாசிரியர்
காமன் பூலில் (பள்ளி மாறும் மாணவர்களின் பதிவு எமிஸில் காத்திருக்கும் பொதுத் தொகுப்பு) இருந்து எடுக்கும்போது விட்டுப்போயிருக்கும். பழைய பள்ளி டிசி கொடுத்து மாணவனைக் காமன் பூலுக்கு அனுப்பியதா, இல்லை நீங்கள் புதிதாகப் பதிந்தீர்களா? புதிதாகப் பதிந்திருந்தால் ஒரே பையன் இரண்டு எண்ணில் இருப்பான். குறைபாட்டு விவரம் பழைய எண்ணோடு நின்றுபோகும்.

சூளைமேடு_கணினி
பிரஷஸ்த் செயலியில் பதிந்துவிடுங்கள். மத்திய அரசுடையது. அதில் போட்டால் எல்லா இடத்துக்கும் தானாகப் போய்விடும்.

வடசென்னை_சிறப்பாசிரியை
பிரஷஸ்த் வேறு வேலைக்கானது. 2022-இல் என்சிஇஆர்டி கொண்டுவந்தது. வகுப்பில் யாருக்கு உதவி தேவைப்படலாம் என்று ஆசிரியர் முதற்கட்டமாகக் கண்டறிவதற்கு அது ஒரு பட்டியல். சான்றிதழ் ஆகாது. இந்தப் பையனுக்குக் குறைபாடு உறுதியான பிறகு மறுபடி அதில் ஏற்றி என்ன பயன்?

டீச்சர், ஒரு வேலை செய்யுங்கள். ஆதார், யூடிஐடி அட்டை, எமிஸ் பக்கம் மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் பெரிய சிக்கல். ஆதாரில் அப்பா பெயரை விரித்துப் போட்டிருப்பார்கள், அட்டையில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், பள்ளிப் பதிவில் முன்னால் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடியிருந்தாலும் போதும், பொருந்தாது. பிறந்த தேதியையும் பாருங்கள். பொருந்தாத பதிவை யாரும் அங்கே தேடிப் பிடித்து ஒட்டமாட்டார்கள். என் கையில் வருகிற வழக்குகளில் முக்கால்வாசி இதுதான்.

அப்புறம் இன்னொன்று. கணினியில் சரியாகும்வரை தேர்வுச் சலுகைக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவச் சான்றோடு மனுவைத் தலைமையாசிரியர் வழியாக இன்றே அனுப்புங்கள். சான்று பழையதாக இருந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் காலையிலேயே அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் வட்டார வளமையத்தில் பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்பாசிரியர் இருந்தால், கையோடு அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அனுபவம்30
அட்டை வெள்ளை நிறம் என்றால் மனு போட்டும் பயனில்லை. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்று அர்த்தம், எந்தச் சலுகையும் கிடையாது. தெரியாமல் அலைய வேண்டாம்.

கொளத்தூர்_அப்பா
சார், இது தவறான தகவல். இதை நம்பி ஒரு பெற்றோர் பேசாமல் இருந்துவிட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீத அளவுகோல் சில உரிமைகளுக்கு மட்டும்தான். இட ஒதுக்கீடு, 18 வயதுவரை இலவசக் கல்வி, இந்த மாதிரி. தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்பதற்கு அந்த அளவுகோலைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவருக்குக் கை எழுத வராத பாதிப்பு, சான்றிதழில் 6 சதவீதம். அதன் பிறகு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

அனுபவம்30
தீர்ப்பு வேறு, பள்ளியில் நடைமுறை வேறு. நான் அலுவலகத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

கொளத்தூர்_அப்பா
நடைமுறை மாற வேண்டும் என்றுதானே தீர்ப்பு வாங்குகிறோம்? மனுவோடு அதன் முதல் பக்கத்தை இணைத்துக் கொடுங்கள். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

ராயபுரம்_அம்மா
நான் ஆசிரியர் இல்லை. என் மகளுக்குக் காது கேட்கும் திறன் குறைவு. ஒவ்வொரு ஜூனிலும் அதே ஃபைலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். புது டீச்சரிடம் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கணினியில் ஏற்றிவிட்டோம் என்றார்களே, பிறகு எதற்கு நான் வருடா வருடம் சொல்ல வேண்டும்?

ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. முன்பு ஒரு பள்ளியில் பெயர்ப்பட்டியலை அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். குறைபாடு என்ற கட்டமும் அதோடு சேர்ந்து ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் அவளைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சூளைமேடு_கணினி
அதனால்தான் சொல்கிறேன், இந்த விவரம் தலைமையாசிரியர் லாகினுக்கு மட்டும் தெரிந்தால் போதும். 2023 தகவல் பாதுகாப்புச் சட்டமே குழந்தைகளின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது.

மணலி_வாத்தியார்
தலைமையாசிரியர் மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு அந்தப் பையனை 'ஏன் எழுதவில்லை' என்று நிற்க வைப்பார். என் பள்ளியில் நடந்திருக்கிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, யாருமே அவரிடம் சொல்லவில்லை.

அனுபவம்30
இதில் மணலி சொல்வது சரி. மறைத்து வைத்தால் உதவி எங்கிருந்து வரும்?

வடசென்னை_சிறப்பாசிரியை
இரண்டையும் பிரித்துப் பாருங்கள். நோயின் பெயர், சதவீதம், சான்றிதழ் எல்லாம் தலைமையாசிரியரிடமும் எங்களிடமும் இருக்கட்டும். பாட ஆசிரியருக்கு அவை தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது நாலு வரி. முதல் பெஞ்சில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடத்தில் உட்கார வையுங்கள். பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுங்கள். தேர்வுத் தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுங்கள். நோட்டு எழுதி முடிக்க அவகாசம் கொடுங்கள். ராயபுரம் அம்மாவின் மகளுக்கு என்றால், பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் அவளைப் பார்த்துப் பேசுங்கள் என்பதுதான் முதல் வரி.

எமிஸ், மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ், யூடிஐடி எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம், நானும் கேட்கிறேன். சதவீதம் மட்டும் பள்ளி விட்டுப் பள்ளி போனால் எண்ணிக்கை சரியாக வரும், உதவித்தொகை வரும். இந்த நாலு வரியும் சேர்ந்து போனால்தான் அந்தப் பிள்ளை புது வகுப்பில் முதல் நாளே பாடம் படிக்கும். அதை எழுதி வையுங்கள் என்று எந்தப் பயிற்சிக்குப் போனாலும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன்.

ராயபுரம்_அம்மா
இந்த நாலு வரியை எழுதும்போது பிள்ளையையும் கேளுங்கள் மேடம். என் மகள் முதல் பெஞ்ச் வேண்டாம் என்பாள். இரண்டாவது பெஞ்ச் ஓரம் என்றால் டீச்சரையும் பார்க்கலாம், திரும்பி மற்ற பிள்ளைகள் பேசுவதையும் பார்க்கலாம்.

மணலி_வாத்தியார்
பெரம்பூர் டீச்சர் எங்கே? அட்டை நிறம் இன்னும் சொல்லவில்லை.

பெரம்பூர்_டீச்சர்
மன்னிக்கவும், பள்ளியில் வேலை. அட்டை மஞ்சள், 40 சதவீதத்துக்குக் குறையவில்லை. பெயர் பொருந்துகிறது. பிறந்த தேதியில்தான் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கிறது. திருத்தம் கேட்டு விண்ணப்பித்தாயிற்று. மனு தலைமையாசிரியர் கையெழுத்தோடு போய்விட்டது. சொல்வதை எழுதுபவர் வேண்டாம், தானே எழுதுகிறேன், கூடுதல் ஒரு மணி நேரம் மட்டும் கிடைத்தால் போதும் என்கிறான் பையன். அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

வடசென்னை_சிறப்பாசிரியை
மகிழ்ச்சி டீச்சர். தேர்வு மையத்துக்கும் அந்த உத்தரவின் நகல் போகிறதா என்று கேட்டு வையுங்கள். அங்கே போய்ப் பையன் தானே வாதாடும்படி ஆகிவிடக் கூடாது. பிளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளி போனால் டிசி கொடுக்கும் அன்றே நாலு வரியையும் தனித்தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே சேர்ந்த வாரத்தில் எமிஸில் விவரம் வந்திருக்கிறதா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள்.