பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொழில் செய்த அனுபவம் உண்டா? திருகோணமலைக்காரர்கள் எழுதுங்கள்

கருவாட்டு வாடிக்காரர்:

எங்கள் பக்கத்தில் கம்பஸ் என்றால் பிள்ளைகள் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகும் இடம் என்றுதான் பார்க்கிறோம். தொழிலில் ஒரு சிக்கல் வந்தால் அங்கே போய்க் கேட்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

கட்டா, சூரை, திருக்கை, இவைதான் எங்கள் வாடியில், அதாவது மீனை உப்பிட்டுக் காயவைக்கும் இடத்தில், போடுவது. மாரி நெருங்கி வெயில் குறைந்து காற்றில் ஈரம் ஏறியதும் தொல்லை தொடங்கும். மூட்டையைப் பிரித்தால் கட்டாவின் சதையில் இளஞ்சிவப்பாக ஒன்று படர்ந்திருக்கும். தொட்டால் வழுவழுக்கும். கொழும்பு வியாபாரி அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு விலையைப் பாதியாக்குவார். வாடிகளில் இதற்குச் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: உப்பைக் கூட்டிப் போடு. கூட்டினோம், அப்போதும் சிவந்தது.

என் பெறாமகள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, மீனை மட்டும் கொண்டு வராதீங்க, உப்பையும் கொண்டு வாங்க" என்றாள். சிவந்த கருவாடு, சிவக்காத கருவாடு, மூட்டையிலிருந்து ஒரு பிடி உப்பு, மீன் ஊறும் தொட்டியின் அடியில் வழித்தது என்று தனித்தனிப் பைகளில் கட்டிக்கொண்டு, வெருகல் வாகரை வழியாக பஸ்ஸில் போனேன். இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகளிடம் விரிவுரையாளர் அதை ஒப்படைத்தார்.

பிறகு அவர்கள் காட்டியதை மறக்க மாட்டேன். நுண்ணுயிர் வளர்க்கும் சாதாரண ஊடகம் ஊற்றிய தட்டில் அந்தச் சிவப்பு வரவே இல்லை. உப்பை அள்ளிப் போட்டுத் தயாரித்த தட்டில், ஒரு கிழமைக்கும் மேல் காத்திருந்த பிறகு, குங்குமம் தெளித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். மீனிலிருந்து எடுத்ததிலும் அதே சிவப்பு, மூட்டை உப்பிலிருந்து எடுத்ததிலும் அதே சிவப்பு. வெயிலில் விளையும் கடலுப்பிலேயே வாழும் நுண்ணுயிராம். அதற்குக் கடும் உப்பு இருந்தால்தான் உயிர். நாங்கள் கூட்டிப் போட்ட உப்பு அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரித்தான் ஆகியிருக்கிறது. நல்ல தண்ணீர் பட்டால் அதன் உடல் வெடித்துச் செத்துவிடுமாம்.

இப்போது தொட்டியையும் பலகைகளையும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறோம். பழைய உப்பை அடுத்த மீனுக்குப் போடுவதில்லை. புது உப்பை மாதக்கணக்கில் கிடக்க விட்டே எடுக்கிறோம். அவசரமென்றால் வறுத்துப் போடுகிறோம். போன மாரியில் சிவந்து திரும்பி வந்த மூட்டை மிகக் குறைவு.

இது சரிவந்ததற்குக் காரணம், அந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் வாடிக்கு வந்து தொட்டியடியில் நின்று பார்த்தது. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. வேலையாட்களுக்காக ஒரு பக்கம் தமிழில் கேட்டேன், எழுதித் தந்தார்கள். அது இப்போது வாடிச் சுவரில் இருக்கிறது. எங்கள் வீட்டு மசாலாக் கருவாட்டின் பக்குவத்தை அறிக்கையில் போடக் கூடாது, சிவப்பைப் பற்றி எதையும் வெளியிடலாம் என்று முதலே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டோம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். பின்னால் மனக்கசப்பு வராது.

இன்னொரு நிறுவனத்தோடு அதற்கு முன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தோம். பதாகை, பொன்னாடை, குழுப்படம் எல்லாம் நடந்தது. அதன் பிறகு ஒருவரும் வாடிப் பக்கம் வரவில்லை. எனக்கு அது உண்மையாகவே வருத்தம்.

உப்புவெளி விருந்தினர் விடுதி:

அண்ணா சொன்னதோடு நாள்காட்டியையும் சேர்க்க வேண்டும். எங்கள் சீசன் சித்திரை கழிந்து தொடங்கிப் புரட்டாதி வரை. பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்ததோ கார்த்திகை மழையில். அறைகள் பூட்டிக் கிடக்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது? நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்கு நேரே போய்ப் பேசினேன், அடுத்த முறை ஆனியில் ஒரு மாணவியை அனுப்பினார்கள். வணிகம் படிக்கிற பிள்ளை. வெளிக்கிடும் விருந்தினரிடம் ஏன் இரண்டு இரவோடு போகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். புறாத்தீவு பார்த்தாயிற்று, வேறு என்ன இருக்கிறது என்றே தெரியாது என்பதுதான் பெரும்பாலான பதில். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, பஸ் நேரம் எல்லாம் போட்டு ஒரு தாள் தயாரித்து ஒவ்வொரு அறையிலும் வைத்தாள். இன்னும் ஒரு நாள் நிற்கட்டுமா என்று கேட்பவர்கள் இப்போது இருக்கிறார்கள். அவளுக்கு மாதப்படி கொடுத்தேன். சும்மா வேலை வாங்குவது பாவம்.

முன்னாள் மாணவர்:

நான் பயிற்சிக்குப் போன இடத்தில் போட்டோகொப்பி எடுத்ததுதான் அதிகம். அதனால் இந்த இரண்டையும் படிக்க ஆசையாக இருக்கிறது. பெரிய கம்பனிகளுக்கு வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. 2008-இல் அரசும் எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார் ஆகிய ஐந்து கம்பனிகளும் சேர்ந்து ஸ்லின்டெக் நனோ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கின. மெதுவாகக் கரையும் ஒரு வகை நனோ யூரியா உரம் அங்கே உருவானதுதான். வாடிக்காரரால் அப்படி முதல் போட முடியாது. ஆனால் உலக வங்கிக் கடனோடு 2017-இல் தொடங்கிய அஹெட் என்ற உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக நம் பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்புப் பிரிவுகளுக்கு நிதி கிடைத்தது. சொந்தக்காரப் பிள்ளை உள்ளே படிக்காதவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணே, நாங்கள் எருமைத் தயிர் போடுகிறோம். சில நாட்களில் சட்டியில் தண்ணீர் விட்டுவிடுகிறது. எதைக் கொண்டு போக வேண்டும்?

கருவாட்டு வாடிக்காரர்:

தம்பி, தண்ணீர் விட்ட சட்டி ஒன்று, நல்ல சட்டி ஒன்று, அதே நாள் பால், உறை மோர், நான்கையும் ஐஸ் பெட்டியில் வையுங்கள். எந்தப் பட்டிப் பால், எத்தனை மணிக்குக் கறந்தது, எப்போது உறை ஊற்றியது என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டுங்கள். மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு எடுக்கும் காலம் எது என்று முதலில் போன் பண்ணிக் கேளுங்கள். பரீட்சை நேரத்தில் போனால் ஒருவரையும் பிடிக்க முடியாது.