கால் முறிவுக்குப் பிறகு ரிவியூவுக்கு வந்த தம்பதி – உங்கள் கண்ணில் பட்டது?

பிசியோ_மதுரை
ஆறாவது வார ரிவியூ. வீட்டுக்காரருக்குக் கீழ்க்கால் எலும்பில் ராடு (உள்ளே வைத்த உலோகக் கம்பி), அக்குள் கட்டை ஊன்றித்தான் நடை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பார்ஷியல் வெயிட்’ (அடிபட்ட காலில் கொஞ்சம் பாரம் மட்டும்) என்று இருக்கிறது, எத்தனை கிலோ என்று இல்லை. அந்தம்மா பயந்துபோய், “என்னங்க, ஊனாதீங்க” என்று ஆறு வாரமும் பாதத்தைத் தரையில் படவே விடவில்லை. ஓபி வாசலில் வீட்டுக்காரர் எக்ஸ்ரே கவரை நீட்டினார். மணிக்கட்டு நிமிரவில்லை. கவர் நழுவி விழுந்தது. கால் சேர்ந்துகொண்டிருந்தது, கை போயிருந்தது.

கட்டைமேல் அக்குளைச் சாய்த்தே நின்றால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தும், மணிக்கட்டு தொங்கிப்போகும். கட்டையின் மேல் மெத்தைக்கும் அக்குளுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி வேண்டும். முழங்கை லேசாக, சுமார் 30 டிகிரி மடங்கும் உயரத்தில் கைப்பிடி. பாரம் உள்ளங்கையில்தான். டாக்டர் 15 கிலோ என்றால், எடை மெஷின்மேல் அடிபட்ட காலை வைத்து, மற்ற காலை அதே உயரப் பலகையில் நிறுத்தி, முள் 15 தொடும்வரை அழுத்திப் பழக்க வேண்டும். நாலு நாளில் காலுக்கே அந்த அளவு பிடிபடும்.

எலும்பு_வார்டு_சிஸ்டர்
தம்பி, அந்தம்மாமேல் பழி போடாதீங்க. கிலோ எழுதாதது சீட்டு எழுதினவர் தப்பு. வீட்டில் தூக்கி உட்கார வைப்பது அவங்கதானே, அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

படிக்கட்டையும் சேர்த்துச் சொல்லணும். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டையும் அடிபட்ட காலும். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். ஏறினாலும் இறங்கினாலும் மனைவி நிற்க வேண்டியது ஒரு படி கீழே. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பில் அகல பெல்ட் கட்டி அதைப் பிடிக்கணும். கையை இழுத்தால் கட்டை விலகி இரண்டு பேரும் விழுவாங்க. கட்டையின் அடி ரப்பர் வழவழப்பானதும் மாத்திடுங்க, ஈர டைல்ஸில் அதுதான் வழுக்கும். தரையோடு இருக்கும் கக்கூஸ்மேல் நாலுகால் கமோடு நாற்காலி போடலாம். ஆட்டுக்கால் சூப் குடிக்கட்டும், ஆனால் அதில் கால்சியம் கொஞ்சம்தான். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கு. முட்டை, பருப்பு தினமும் வேணும். பீடி, சிகரெட் அடியோடு நிறுத்தணும், எலும்பு கூடுவதை அது தள்ளிப்போடும். பிசியோவுக்கு அலைய முடியாதவங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க; 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கறாங்க.

கட்டு_அறை
சிஸ்டர் தலையணையை விட்டுட்டாங்க. ஒரு அம்மா பாசத்தோடு கணவர் முழங்காலுக்கு அடியிலேயே ராப்பகலா தலையணை வைத்திருந்தார். ரிவியூ மேசையில் காலை நீட்டச் சொன்னால் முட்டி மடங்கியே நிற்கிறது. சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தானாக நேராகும்.

பிசியோ_மதுரை
சிஸ்டர் சொல்வது சரி, சீட்டில்தான் குறை.

இன்னொரு தம்பதி, இங்கே அடிபட்டது மனைவிக்கு. மூன்றாவது வாரம் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடு. கணவர் தைலம் போட்டு மேலும் கீழும் நீவிக்கொண்டே வெளியே காத்திருந்தார். நல்லவேளை, டோக்கன் உடனே வந்தது. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் தேய்க்கவே கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ரிவியூ தேதியைப் பார்க்காமல் 108.