10க்கு 10 ரூமுக்கு 27 அங்குல மானிட்டரா, 43 அங்குல டிவியா?

வில்லாபுரத்தான்:
அண்ணன்மாரே, மாடியில சின்ன ரூம். லேப்டாப் வேலையும் அங்கதான். படம், கிரிக்கெட் பாக்க டிவிக்குப் பதிலா மானிட்டர் போட்டா சரிவருமா? டவுன்ஹால் ரோட்டுல விசாரிச்சா 43 அங்குல டிவியத் தலையில கட்டப் பாக்குறாங்க.

சிம்மக்கல் பாண்டி:
மானிட்டரே வாங்குங்க. விலை கம்மியான 32 அங்குல டிவி நெறைய 1366க்கு 768 புள்ளி (பிக்சல்)தான். 27 அங்குல மானிட்டர்ல 2560க்கு 1440 கிடைக்கும், எழுத்து பிசிறில்லாம தெரியும். கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் தாங்கும்.

மேலூர்க்காரர்:
தம்பி, அவர் கேட்டது படம் பாக்க. நீங்க எக்செல் ஷீட்டுக்கு வக்காலத்து வாங்குறீங்க. திரை கண்ணுல 30 டிகிரியாவது அடைக்கணும்ங்கிறது ஹோம் தியேட்டர் கணக்கு. 27 அங்குலத்தோட அகலம் 60 செ.மீ., அதுக்கு மூணே முக்கால் அடிக்குள்ள உக்காரணும். 43 அங்குலம் 95 செ.மீ., ஆறடிக்குச் சரியா வரும். கட்டில்ல சாஞ்சு பாக்குற ஆளுக்கு எது தோது? போதாததுக்கு ஐபிஎஸ்ங்கிற வகை பேனல் போட்ட சாதாரண மானிட்டர்ல கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 1000க்கு 1 பக்கம்தான். லைட்ட அணைச்சுட்டு ராத்திரி சீன் பாத்தா கருப்பெல்லாம் சாம்பலாத் தெரியும்.

சிம்மக்கல் பாண்டி:
விஏங்கிற இன்னொரு வகை பேனல் மானிட்டர்லயும் இருக்குண்ணே, அதுல கான்ட்ராஸ்ட் 3000க்கு 1 வரும். சினிமா நொடிக்கு 24 பிரேம். 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது திரை நொடிக்கு 60 தரம் புதுப்பிக்கிறப்ப, ஒரு பிரேம் ரெண்டு தரம், அடுத்தது மூணு தரம்னு வரும். கேமரா மெதுவா நகருறப்ப லேசா வெட்டும். 120ல வச்சா ஒவ்வொண்ணும் அஞ்சு தரம், வழுக்கிக்கிட்டுப் போகும். (இப்ப 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் மலிவா வருது. 24 அதுல மீதியில்லாம வகுபடாது, படத்துக்கு வேணாம்.)

மாடக்குளம் செல்வி:
ரெண்டு பேரும் சத்தத்தப் பத்திப் பேசவே இல்ல. நெறைய மானிட்டர்ல ஸ்பீக்கரே கெடையாது, இருந்தாலும் ரெண்டு வாட்டுதான். மேல ஃபேன் ஓடுனா வசனம் கேக்காது. கேபிள் பாக்ஸ் பின்னாடியும் பாருங்க. எச்டிஎம்ஐ இல்லாம மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் மட்டும்னா இப்ப வர்ற மானிட்டர்ல நேரடியா சொருக முடியாது. சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறத அம்மா பாக்க உக்காந்தா ரிமோட்ட அமுக்குனதும் வரணும். லேப்டாப்பத் தெறந்து பாஸ்வேர்டு போடுங்கன்னா நம்மளத்தான் ஏசுவாங்க.

சிம்மக்கல் பாண்டி:
அக்கா, மாடி ரூமுக்கு அம்மா எதுக்கு ஏறணும்? ஓடிடி பாக்குற ஃபயர் ஸ்டிக் ஒண்ணு எச்டிஎம்ஐல சொருகுனா ரிமோட்டும் வந்துருது. மானிட்டர்ல எச்டிசிபி (படத்தக் காப்பியடிக்காம தடுக்குற ஏற்பாடு) இருக்கான்னு மட்டும் பாருங்க, இல்லாட்டி ஓடிடி படம் ஓடாது.

மேலூர்க்காரர்:
ஸ்டிக்குக்கு ஒரு காசு, ஸ்பீக்கருக்கு ஒரு காசு. கூட்டிப் பாருங்க, டிவி விலைய எட்டிரும். 2025 செப்டம்பர் 22லேருந்து 32 அங்குலத்துக்கு மேலான டிவிக்கும் ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமாயிருச்சு.

வில்லாபுரத்தான்:
கட்டில்லேருந்து செவுரு ஆறரை அடிண்ணே. ஆனா நான் முக்காவாசி மேசையில சாப்புட்டுக்கிட்டேதான் பாப்பேன். விஏ பேனல், 120 ஹெர்ட்ஸ் மானிட்டரே பாக்குறேன்.

மேலூர்க்காரர்:
நல்லது தம்பி. ஐபிஎல்லுக்குக் கூட்டாளிக நாலு பேரு வரட்டும், யாரு கட்டில்ல உக்காருறதுன்னு சண்ட வரும்.