புதுப்பிப்பு: பொன்னியின் செல்வன், எந்தப் பதிப்பு?

‘இப்போது என்ன படிக்கிறீர்கள்?’ இழையில் பலர் பொன்னியின் செல்வனைச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை. அதனால் ஆளுக்கொரு பதிப்பு. ஐந்து பாகமும் ஒரே புத்தகமாக வருவது வேண்டாம். நடுப்பக்கம் விரியாது, முதுகு பிளந்துவிடும். கடையிலேயே ஒவ்வொரு பாகத்தின் கடைசி அத்தியாய எண்ணைப் பாருங்கள்: 57, 53, 46, 46, 91. ஐந்தாம் பாகம் மற்றவை போலவே ஒல்லியாக இருந்தால் சந்தேகப்படுங்கள், சுருக்கமாக இருக்கலாம். பக்க எண்களையும் புரட்டுங்கள். பைண்டிங்கில் ஒரு பாரம் (ஒன்றாக அச்சிட்டு மடித்த தாள்) விட்டுப்போனால் சேர்ந்தாற்போல் 16 பக்கம் காணாமல் போகும். சில பிரதிகளில் அதே பாரம் இருமுறை வந்திருக்கும். ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வேண்டுமென்றால் அட்டையை நம்பாமல் உள்ளே பாருங்கள். காசில்லாமல் படிக்க மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் ஐந்து பாகமும் கிடைக்கும்.