கரிமருந்து ரிவோல்வர்: சிலிண்டர் ஏன் இறுகுது?

உவர்மலையான்: கனடாவில மச்சான் கிளப்பில சுடுறது 1858 ரெமிங்டன் எண்ட பழைய கரிமருந்து ரிவோல்வரின்ர நகல், குழல் அளவு .44. பன்னிரண்டு வெடிக்குள்ள சிலிண்டர் (மருந்தும் குண்டும் போடுற அறைகள் உள்ள சுழல் உருளை) இறுகுது. துடைச்சு வச்சாலும் அடுத்தநாள் கறள். என்ன பிழை?

கந்தகம்: ரெமிங்டனில சிலிண்டர் சுழலுற ஊசி மெல்லிசு, எரிஞ்ச மருந்தின்ர கசடு அதிலதான் பிடிக்கும். தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்து ஊசியில பூசச் சொல்லுங்கோ. மெஷின் ஒயில் கசடோட சேர்ந்து தார் மாதிரி ஆகிடும். ஆறு வெடிக்கு ஒருக்கா சிலிண்டர் முகப்பை ஈரத்துணியால துடைக்கோணும்.

கறள் வராமல் என்ன செய்யும்? துடைச்சால் காணாது. கசடில பொட்டாசிய உப்பு, ஈரத்தை இழுக்கும். எங்கட கடற்காத்தில நிண்ட சைக்கிள் செயின் கதைதான். அண்டைக்கே நிப்பிளை (சிலிண்டருக்குப் பின்னால கேப் மாட்டுற, துவாரமுள்ள சின்ன முளை) கழற்றி, சவர்க்காரச் சுடுதண்ணியில கழுவி, நல்லாக் காயவிட்டு எண்ணெய் போடோணும். நிப்பிள் மரைக்குக் கிரீஸ் கட்டாயம், இல்லாட்டிப் பிறகு அசையாது.

ஈயக்குண்டு: சுடமுதல் அந்த எண்ணெயைத் துடைக்கோணும், மருந்து நனைஞ்சால் வெடிக்காது. மருந்து போடமுதல் வெறும் நிப்பிளில ஒவ்வொரு கேப் (அடிச்சால் பொறி பறக்கிற சின்ன மூடி) அடிச்சால் துவாரமும் காயும். அறையை விடக் கொஞ்சம் பெரிசான .454 குண்டை அறைக்குள்ள அமத்தேக்க ஈயம் வளையமாச் சீவுப்படோணும். சீவுப்படாட்டிக் குண்டு லூஸ். சிலிண்டரின்ர பக்கத்து அறைக்கும் நெருப்புத் தாவும். லூசான கேப்பும் அப்படித்தான்.

கந்தகம்: இப்பத்தைய தோட்டாவில வாற புகையில்லா மருந்து ஒரு சிட்டிகையும் கூடாது, சிலிண்டர் பிளக்கும்.