ரோலர் கோஸ்டர் அனுபவம்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

கிண்டிக்காரன்:
எல்லாருக்கும் தெரிந்த இடம்தான், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர். சிவப்பும் நீலமுமாக இரண்டு ரோலர் கோஸ்டர் பின்னிக்கொண்டு நிற்குமே, அந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகா. மகளுக்கு அப்போது எட்டு வயது. யூடியூபில் பார்த்துப் பார்த்து எந்த வளைவுக்கு அப்புறம் எந்த வளைவு என்று மனப்பாடம். விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் பார்த்த நான் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. குறைந்தபட்ச உயரம் 125 செ.மீ. இவள் 123.

அளவுகோல் பக்கத்தில் நின்று, உள்ளங்கையைத் தலைமேல் தட்டையாக வைத்து, அது கோட்டைத் தொடுகிறதா என்று கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். அழவில்லை. "நீ போய்ட்டு வா அப்பா" என்று என் மூக்குக்கண்ணாடியையும் போனையும் வாங்கிக்கொண்டாள். நானும் போனேன். நீலத்தில், கால் தொங்கத் தொங்க. இறங்கி வந்து, "ஒண்ணும் பெருசா இல்லம்மா" என்றேன். "பொய் சொல்லாத, நீ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். கண்ணாடியைத் துடைத்துத்தான் தந்தாள்.

இந்த மே மாதம் மறுபடி போகலாம் என்று இருக்கிறோம். உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

புனே பார்சல்:
மும்பை-புனே வழியில் இருக்கும் இமேஜிகா பார்க், அங்கே நைட்ரோ கோஸ்டர். ஆபீஸ் டூர். நான் கடைசி வரிசை, பக்கத்தில் எங்கள் மேனேஜர். மனுஷர் பேசினாலே திட்டுகிற மாதிரி இருக்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பட்டை இறங்கியதும் காலடியில் இருந்த தளம் தடதடவென்று விலகியது. அந்த வண்டிக்குத் தரையே கிடையாதே. அப்போது என் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது. அவர் கை. கை முழுக்க இல்லை, சுண்டுவிரலை மட்டும். 40 மீட்டர் ஏறி, ஐந்து முறை தலைகீழாகிக் கீழே வரும்வரை விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல எக்செல் ஷீட்டுக்காகத் திட்டினார். அதைப் பற்றி இதுவரை இரண்டு பேரும் பேசியதில்லை.

ஏறினால் கடைசி வரிசையில் ஏறுங்கள். மற்றதெல்லாம் டவுன் பஸ்.

இரண்டு பிள்ளை அம்மா:
கிண்டிக்காரன் சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு ஆசை காட்டிய குழந்தையைக் கீழே நிறுத்திவிட்டு நீங்கள் எப்படி ஏறினீர்கள்? என் வீட்டுக்காரர் இப்படிச் செய்திருந்தால் திரும்பி வரும் ஃப்ளைட்டில் பேசியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் சின்னவனுக்கு உயரம் பத்தாதபோது யாருமே ஏறவில்லை, நாலு பேரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பெரியவன் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான்.

மணல்காற்று:
கடைசி வரிசை என்பவர்கள் அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஃபார்முலா ரோசா. ஐந்து விநாடிக்குள் மணிக்கு 240 கி.மீ. வேகம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். என் ரூம்மேட் பதினொரு வருஷம் இங்கே முசாஃபா தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே போகிறான். காசு போட்டு அவனைக் கூட்டிப் போனோம். இறங்கியதும் காப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணீர் கீழே வழியாமல் பக்கவாட்டில் காது வரை ஓடியிருந்தது. "காத்துடா" என்றான். கண்ணாடி போட்டிருந்தவனுக்கு ஏது காற்று? நாங்கள் கேட்கவில்லை.

சிங்கப்பூர் போகிறவருக்குச் சில விஷயங்கள். மே நல்ல முடிவு. நமக்கு லீவு, அங்கே பள்ளி நடக்கும். ஜூனுக்குத் தள்ளிவிடாதீர்கள், அந்த மாதம் முழுக்க அவர்களுக்கு விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், அப்புறம் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய. மே 1-ஐயும் விசாக தினத்தையும் தவிர்த்துவிட்டு செவ்வாய், புதன் பாருங்கள். கதவு திறந்ததும் எல்லாரும் வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள். நீங்கள் நேராகக் கோஸ்டருக்கு நடையைக் கட்டுங்கள், மதியத்துக்கு வைக்காதீர்கள். அங்கே மதியத்துக்கு மேல் இடி இடித்தால் திறந்தவெளி ரைடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், காசு கொடுத்து வரிசையைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினாலும் மின்னலுக்கு அது தெரியாது. மழை வந்தால் அங்கேயே இருக்கும் மம்மி கோஸ்டர், அது கூரைக்குள் இருட்டில் ஓடுவது. ஆனால் நடுவில் பின்னோக்கிப் போகும், மகளிடம் சொல்லி வையுங்கள். காலையில் இட்லி இரண்டு போதும். வெறும் வயிறும் ஆகாது, பொங்கல் வடையும் ஆகாது. ஓடும்போது தலையைப் பின்னால் சாய்ப்பில் ஒட்டி வைத்து முன்னால் தெரியும் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடினால்தான் குமட்டும்.

ஆட்டுக்கல்:
எங்களுடையது இவ்வளவு பெரிய இடம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பார்க், பேர் வேண்டாம். சங்கிலி இழுத்துக்கொண்டு போகும்போது உச்சிக்கு நாலு ஆள் உயரம் இருக்கையில் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதாம். கட்-கட் சத்தம் நின்றதும் வந்த அமைதி இருக்கிறதே, அதுதான் பயம். பிரேக் விட்டுப் பின்னால் உருண்டிருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வேலிக்கு வெளியே காய்ந்த வயல். அதில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து எங்களைப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். ஆடுகள் பாட்டுக்கு அடுத்த வயலுக்குப் போய்விட்டன, அவர் நகரவில்லை. அரை மணி கழித்து ஓரத்துப் படி வழியாக ஒவ்வொருவராக இறக்கினார்கள். கடைசி ஆள் தரையில் கால் வைத்த பிறகுதான் ஆட்டைத் தேடிப் போனார். ஒரு கை காட்டியிருக்கலாம் நான். காட்டவில்லை.

ஸ்பேனர் 17:
ஆட்டுக்கல் அண்ணே, உருண்டிருக்காது. நீங்கள் கேட்ட அந்த கட்-கட்தான் காவல். வண்டிக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு, தண்டவாள நடுவில் ரம்பப் பல் மாதிரி படி. ஏற ஏற நாக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டே வரும். கரண்ட் போனாலும் சங்கிலியே அறுந்தாலும் பின்னால் ஒரு பல் தூரத்துக்கு மேல் போகாது. அதே மாதிரி சக்கரமும் மேலே மட்டும் இல்லை, பக்கத்தில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. வண்டி மேலே எழும்பினாலும் கீழ்ச்சக்கரம் விடாது.

வரிசைச் சண்டைக்கு: வண்டி மொத்தமும் ஒரே வேகத்தில்தான் போகும், வேகம் கூடும் இடம்தான் வேறு. உச்சியில் முன்பெட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தொங்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்பாதி விழ ஆரம்பித்திருக்கும், அதனால் சுண்டி இழுக்கும். ஃபார்முலா ரோசா மாதிரி ஒரே தள்ளாகத் தள்ளும் வண்டியில் கிளம்பும்போது அந்த வித்தியாசம் கிடையாது. காற்று முகத்தில் அடிக்க வேண்டுமா, முன்னால் போங்கள்.

நான் ஒரு பார்க்கில் ஒன்பது வருஷம் ஃபிட்டராக இருந்தேன். காலையில் ஆள் ஏற்றும் முன் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்போம். அதற்கு முன் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு நடை நடந்து, விழுந்ததைப் பொறுக்குவோம். போன், சீப்பு, தொப்பி, ஒருமுறை பல்செட். ஒருநாள் ஒற்றைக் கொலுசு, குழந்தை அளவு, மூன்று முத்து. ஆபீஸில் கொடுத்தேன். யாரும் வரவில்லை என்று ஒரு வருஷம் கழித்து என்னிடமே தந்துவிட்டார்கள். ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். வேலையை விட்டு வரும்போது எடுத்து வரலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை. வண்டி மேலே போகும்போதெல்லாம் தகரம் அதிர்ந்து அது லேசாகச் சிணுங்கும்.

புனே பார்சல்:
ஆக, கடைசி வரிசைதான். நன்றி.

மணல்காற்று:
வரிசைச் சண்டைக்கு ஸ்பேனர் எழுதியதில் கடைசி வாக்கியத்தைப் படிக்கவில்லையா?

கிண்டிக்காரன்:
இரண்டு பிள்ளை அம்மா சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி, "நானும் அதைத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள். மகள் இப்போது 136. ஆனால் நேற்று கேட்டால், தனக்கு சிவப்பு போதுமாம், அது தலைகீழாகாதாம். நீலத்துக்கு நான் மட்டும் போகவாம். கண்ணாடியை அவள் பிடித்துக்கொள்வாளாம்.