பெரியபட்டினத்தில் சின்னக் கொல்லை: முதல் பழமரமாக எதை வைக்கலாம்?

பெரியபட்டினத்துப் பெண்:

எல்லோருக்கும் ஸலாம். வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவருக்குள் 20 அடிக்கு 15 அடி இடம் இருக்கிறது. ஒரு மூலையில் உம்மா வைத்த முருங்கை, சுவரோரம் மல்லிகை, மற்றதெல்லாம் வெறும் மணல். மாடியில் நின்றால் கடல் தெரியும். போர்த் தண்ணீர் கரிக்கும், சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் போதும்.

இதுவரை பழமரம் எதுவும் வைத்ததில்லை. மகள் மாமரம் கேட்கிறாள், மாமி எலுமிச்சை போதும் என்கிறார். நாற்றுக்கடையில் கேட்டால் எல்லாம் வரும் என்று சொல்கிறார்கள். ஒரு மரத்துக்குத்தான் இடம். எதை வைக்கலாம், எப்போது வைக்கலாம்? இந்த இராமநாதபுரம் கடலோரத்தில் வளர்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தொண்டிக்காரர்:

மாதுளை வையுங்கள். புதர் மாதிரி அடக்கமாக நிற்கும், ஓரளவு உப்பையும் தாங்கும். எங்கள் வீட்டில் இரண்டு செடி இருக்கின்றன, பூவே ஒரு அழகு. தண்ணீர் மட்டும் சீராகப் போக வேண்டும். காயவிட்டுவிட்டு ஒரே நாளில் நிறைய ஊற்றினால் காய் வெடித்துவிடும்.

உச்சிப்புளி நாற்றுக்காரி:

தங்கச்சி, நான் உச்சிப்புளியில் வீட்டோடு நாற்று வளர்த்து விற்கிறேன். யார் கன்று கேட்டு வந்தாலும் முதலில் அவர்கள் வீட்டுப் போர்த் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன். நம் பக்கத்தில் அதைத் தெரிந்துகொள்ளாமல் மரம் சொல்லவே முடியாது. நீங்களே கரிக்கும் என்று எழுதிவிட்டீர்கள், அதனால் மாவையும் எலுமிச்சையையும் இப்போதே விட்டுவிடுங்கள். இரண்டும் உப்புக்கு மிகவும் வாடும். ஐப்பசியில் நட்டால் தை வரைக்கும் தளதளவென்று நிற்கும். மழை ஈரம் வற்றி, மாசி பங்குனியில் போர்த் தண்ணீர் மட்டும் போக ஆரம்பித்ததும் இலை நுனி பழுக்கும், ஓரம் கருகும், சித்திரையில் உதிரும். பூச்சி என்று நினைத்து மருந்து வாங்கி அடிப்பார்கள். அது உப்புச் சூடு. மருந்துக்குக் கேட்காது. வருடா வருடம் அந்தக் காய்ந்த இலையை ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது சப்போட்டா. ஒட்டுக் கன்றுதான் வேண்டும், விதைக் கன்று வேண்டாம். காரணம் வேரில் இருக்கிறது. சப்போட்டாவைப் பாலை மரத்து நாற்றின் மேல்தான் ஒட்டுவார்கள். மஞ்சளாகச் சின்னப் பழம் பழுக்குமே, அந்தப் பாலை. அது நம் கிழக்குக் கரையின் காட்டு மரம், வறட்சிக்கும் கடல் காற்றுக்கும் பழகியது. அதன் வேரில் நின்றுகொண்டு மேலே சப்போட்டா காய்க்கும். விதைக் கன்றுக்கு இந்த வேர்ப் பலம் கிடையாது, காய்க்கவும் ரொம்ப வருடம் ஆகும். ஒட்டு மூன்றாம் நாலாம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும்.

கன்று வாங்கும்போது இலையைப் பார்த்து மயங்காமல் தண்டின் அடியைப் பாருங்கள். ஒட்டு முடிச்சு தெளிவாகத் தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் நன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். நடும்போது அந்த முடிச்சு மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். முடிச்சுக்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் பாலை. அதைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டால் பாலை மேலே ஏறிவிடும், ஒட்டின சப்போட்டா நின்றுபோகும். ஆளில்லாத வீடுகளில் இப்படித்தான் பல மரம் கெடுகிறது.

ரகம் கேட்டால் பிகேஎம் 1 என்று கேளுங்கள். பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த ரகம், மரம் அடக்கமாக வளரும். அப்படியும் போக்கில் விட்டால் பெரிதாகும், உங்கள் இடத்துக்குத் தாங்காது. இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளி, நாலு பக்கமும் ஒவ்வொரு கிளை விடுங்கள். பத்து அடிக்கு மேல் போகவிடாமல் காய் பறித்த பிறகு கவாத்து செய்தால் ஏணி தேவைப்படாது. வௌவாலுக்கு வலை போர்த்தவும் அந்த உயரம்தான் வசதி.

தொண்டி அண்ணன் சொன்ன மாதுளையும் நல்ல செடிதான். ஆனால் கைபழகாத வீட்டில் வெடித்த காயும் புழு விழுந்த காயும் ஆளைச் சோர்வாக்கிவிடும். சப்போட்டா அவ்வளவு படுத்தாது.

இரண்டு விஷயம் தெரிந்தால் மேலே சொல்கிறேன். டிடிஎஸ் மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) யாரிடமாவது வாங்கிப் போர்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கொல்லை வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் மீனவன்:

அக்கா சொல்வது சரிதான், ஆனாலும் எனக்கு ஒரு எண்ணம். சப்போட்டாவுக்கு முதல் இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது? கொடுக்காப்புளி வைத்தால் அந்தக் கவலை இல்லை. உப்போ காற்றோ எதுவும் அதை அசைக்காது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றி வந்து நிற்பார்கள். இலந்தையும் அப்படித்தான்.

இன்னொன்று, போரை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் இராமேஸ்வரம் தீவில் ஆழமாகப் போட்டால் உப்புதான் வரும். கையால் தோண்டிய கிணற்றில் நல்ல தண்ணீர் கிடக்கும். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரை விட லேசு, மணலுக்குள் அதன் மேலேயே நிற்கும். எங்கள் வில்லூண்டித் தீர்த்தத்தைப் பாருங்கள், கடலுக்குள்ளேயே குடிக்கிற தண்ணீர். உங்கள் வீட்டில் பழைய கிணறு இருந்தால் அதைத் தூர்வாருங்கள். மோட்டாரை நேரம் காலம் இல்லாமல் ஓடவிட்டால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியபட்டினத்துப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுக் காக்காவிடம் (அண்ணனிடம்) மீட்டர் வாங்கிப் பார்த்தேன். போரில் 2,600 காட்டுகிறது. கொல்லை தெற்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. கிணறு இல்லை. கொடுக்காப்புளிக்கு முள் இருப்பதால் சின்னப் பிள்ளைகள் ஓடுகிற இடத்தில் யோசனையாக இருக்கிறது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீர், அரிசி கழுவும் தண்ணீர், ஆர்ஓ மெஷினில் வீணாகப் போகும் தண்ணீர் இதையெல்லாம் மரத்துக்கு விடலாமா அக்கா?

உச்சிப்புளி நாற்றுக்காரி:

முள் விஷயத்தில் நீங்கள் யோசிப்பது நியாயம். கொடுக்காப்புளி நிமிர்ந்து பெரிய மரமாகப் போகும், அது வேலியோரத்துக்கும் காலி மனைக்கும் நல்லது. இலந்தைக்கும் முள் உண்டு, வருடா வருடம் வெட்டிவிட்டால்தான் ஒழுங்காகக் காய்க்கும். தண்ணீர் விஷயத்தில் தங்கச்சிமடம் தம்பி சொன்ன அத்தனையும் உண்மை.

2,600 என்பது கொஞ்சம் கூடுதல்தான். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. உங்கள் தண்ணீர் அதையும் தாண்டிவிட்டது. ஆனாலும் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது, உங்கள் மண் மணல். களிமண்ணில் தேங்கும் உப்பு மணலில் தேங்காது, ஐப்பசி கார்த்திகை மழையில் அடியோடு இறங்கிவிடும். கோடையில் மட்டும் தினமும் ஒரு செம்பு தெளிக்கும் பழக்கம் வேண்டாம். அந்தத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் மேலே வெள்ளையாகப் பூக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வேருக்குக் கீழே இறங்குகிற அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். பாத்தியைச் சுற்றிப் பனை ஓலையோ தென்னை மட்டையோ மூடிவையுங்கள், தண்டில் ஒட்டாமல்.

நீங்கள் கேட்ட தண்ணீரில் அரிசி கழுவுவது முதல் தரம், காவிரித் தண்ணீர் என்பதால். அதை ஒரு சொட்டு வீணாக்காதீர்கள். ஒளு செய்யும் தண்ணீரில் சோப்பு இல்லை, தாராளமாக விடலாம். போர்த் தண்ணீரில் செய்தால் உப்பும் அதே அளவு இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, உள்ளே போகும் தண்ணீரை விடக் கரிக்கும். மீன் கழுவிய தண்ணீரில் கல்லுப்புப் போட்டிருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். வீட்டில் ஏசி இருக்கிறதா? அதன் குழாயில் சொட்டுவதில் உப்பே கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு ராத்திரிக்கு நல்லபடியாகச் சேரும், வாளி வைத்துப் பிடியுங்கள். மாடி மழைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தால் அதைச் சித்திரை வைகாசிக்கு என்று ஒதுக்குங்கள். தொட்டிக்கு மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும்.

இனி காற்று. நீங்கள் தென்கடல் பக்கம். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது உப்புத் துளி நேராக உங்கள் கொல்லைக்கு வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக்கு வாடையில்தான் இந்தத் தொல்லை. உங்கள் கன்றுக்குத் தென்மேற்கில் மூங்கில் நட்டு ஆளுயரத்துக்குக் கிடுகுப் படல் கட்டுங்கள். காற்று கொஞ்சம் கசிகிற மாதிரி இருக்கட்டும், முழுக்க அடைத்த தடுப்பைத் தாண்டிய காற்று சுழன்று அடித்து இளங்கிளையை ஒடிக்கும். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு படல் தேவைப்படாது. இலையில் உப்புப் படிந்தால் சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசி விடுங்கள்.

இடத்தை நடுவில் எடுங்கள், சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் ஏழெட்டு அடி தள்ளி. ஆவணியிலேயே மூன்றடி ஆழம், மூன்றடி அகலத்தில் குழி எடுத்து வெயிலில் ஆறவிடுங்கள். அடியில் தேங்காய் மட்டையை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, இரண்டு வரிசை அடுக்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், மணலுக்கு அதுதான் பெரிய உதவி. அதற்கு மேல் கண்மாய் வண்டலும் நன்றாக மக்கிய ஆட்டுப் புழுக்கையும் மேல் மண்ணும் கலந்து நிரப்புங்கள். கரையானுக்காக ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு. வண்டல் கிடைக்காவிட்டால் தோட்டத்துச் செம்மண் போதும். முதல் மழை நன்றாக இறங்கியதும், ஐப்பசி ஆரம்பத்தில் நடுங்கள். நாலு மாதம் நல்ல தண்ணீரில் வேர் பிடித்துவிட்டால் கோடைக்கு உங்கள் போர்த் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும்.

மண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இராமநாதபுரத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். நம் மாதிரி மண்ணுக்காகவே இருக்கும் இடம் அது.

கன்று சின்னதாக இருக்கும்போதே பூ வந்துவிடும், ஆசையாக இருக்கும். முதல் இரண்டு வருடம் அதைக் கிள்ளிவிடுங்கள், மரம் உடம்பு பிடிக்கட்டும். அப்புறம் காய்க்க விடலாம். காய் முற்றியதா என்று பார்க்க நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது, மஞ்சள் தெரிந்தால் பறிக்கலாம். மேலே இருக்கும் பழுப்புத் தூளும் அந்தச் சமயத்தில் கையில் உதிரும். பறித்ததை அரிசிப் பானையில் வைத்தால் சில நாளில் பழுத்துவிடும். மகளுக்கு மாம்பழ ஆசை என்றால் அதைச் சந்தையில் வாங்கிக் கொடுங்கள், தங்கச்சி. குழி எடுத்ததும் ஒரு படம் போடுங்கள், ஆழம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.